மலைக் குடியிருப்புக்கு வாரம் ஒருமுறை காய்கறி, மளிகை வண்டி கேட்டு மனு

அனுப்புநர்:
ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி,
பேச்சிப்பாறைக்கு மேலுள்ள மலைக் குடியிருப்பு.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் குடியிருப்பில் இருந்த ஒரே பலசரக்குக் கடையையும் மூடிவிட்டார்கள். இப்போது உப்பு, புளி வாங்கக்கூட மலையிறங்கி, குலசேகரம் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

பழைய கடையில் 50 கிராம் கடுகு கேட்டாலும் தாளில் பொதிந்து தருவார்கள். காசு இல்லையென்றால் பற்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அந்த நாட்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அந்த நோட்டை நம்பித்தான். பில் போடும் இடத்தில் போய் நாங்கள் யாரிடம் கடன் சொல்வது?

போன சனிக்கிழமை இரண்டு கிலோ தக்காளி வாங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டில் பையைத் திறந்தால் பாதி நசுங்கி, அடியில் இருந்த சீனி பாக்கெட் வரை ஈரம். மிச்சத்தை அன்றைக்கே வதக்கி வைத்தோம். புதன்கிழமைக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் காய் கிடையாது. மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்துத் தொட்டுக்கொள்கிறோம்.

ரேஷனில் அரிசி தருகிறார்கள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. அந்த உதவியை மறக்கவில்லை. ஆனால் காய்கறியும் முட்டையும் அதில் வராது.

எங்கள் விளையிலேயே (தோட்டத்திலேயே) ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குலையும் நல்லமிளகும் விளைகிறது. ஜீப் வாடகை கொடுத்துக் கீழே கொண்டுபோனால் கையில் ஒன்றும் நிற்காது என்பதால், வருகிற வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்கிறோம். பிறகு அதே ஏத்தங்காய் சிப்ஸைப் பாக்கெட்டில் விலைக்கு வாங்கி வருகிறோம். இதைத்தான் மனசு தாங்கவில்லை.

2020-இல் அரசு நகரும் நியாய விலைக் கடைகளைத் தொடங்கியது. அதேபோல் கூட்டுறவுத் துறை மூலம் காய்கறி, மளிகை வண்டி ஒன்று, வெட்டு முடிந்து நாங்கள் வீட்டில் இருக்கும் பிற்பகலில், வாரம் ஒருமுறை வர உத்தரவிட வேண்டுகிறேன். சரக்கைச் சில்லறையாக நிறுத்துத் தரவேண்டும். திரும்பும் வண்டி வெறுமையாகப் போகாமல் எங்கள் குலைகளை வடசேரி உழவர் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் அனுமதிக்க வேண்டும்.

பாதை குறுகல், சின்ன வண்டி போதும். மழையில் வளைவில் மண் சரிந்தால் நாங்களே அள்ளி வழி விடுகிறோம். குடும்ப அட்டை நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடியிருப்புப் பெண்கள் சார்பாக.