நாட்டம் இல்லாதவர்கள் அல்லர் நாங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தென்னாப்பிரிக்காவின் வெள்ளையரான பியானோ கலைஞர் ஸ்டீவன் டி க்ரூட் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை முதல் முறை மகிழ்ச்சியோடு படித்தேன். இரண்டாம் முறை படித்தது, அதில் இருந்த ஒரு வரி என்னை உறங்க விடாததால். "அந்நாளில் நம்மவர்க்கு மேலை இசையில் நாட்டம் இருந்ததில்லை" என்று, இந்நாட்டு இந்தியர்களான நம்மைப் பற்றிக் கட்டுரையாளர் போகிறபோக்கில் எழுதிவிட்டார். தாங்களும் அதை அப்படியே அச்சிட்டுவிட்டீர்கள்.

டி க்ரூட் 1953இல் ஜோகானஸ்பர்க்கில், இசைக் குடும்பமொன்றில் பிறந்தார். அதே ஆண்டில் நான் டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்தேன். அவர் கேப்டவுனில் லமார் குரோசனிடம் பயின்று, உதவித்தொகை பெற்றுப் பிரஸ்ஸல்ஸ் சென்று, பின்னர் பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைக்கழகத்தில் ருடால்ப் செர்கின் போன்றோரிடம் பாடம் கேட்டு, 1977இல் தம் 24ஆம் வயதில் அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்த வான் கிளைபர்ன் பன்னாட்டுப் பியானோ போட்டியில் முதற்பரிசை வென்றார். அந்த உழைப்பை நான் மனமார வணங்குகிறேன். ஆனால் நிறவெறி அரசு 1959இல் கொண்டுவந்த பல்கலைக்கழகச் சட்டத்திற்குப் பிறகு, வெள்ளையருக்கான கேப்டவுன் பல்கலைக்கழகம் போன்றவற்றில் நம் பிள்ளைகள் சேர அமைச்சரின் அனுமதி வேண்டியிருந்தது என்பதும், நமக்கென 1961இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவிலிருந்த பழைய கடற்படைக் குடியிருப்பில் ஒரு கல்லூரியைத் திறந்து அங்கே போகச் சொன்னார்கள் என்பதும் தாங்கள் அறியாதவை அல்லவே.

எங்கள் வீட்டில் ஒரு பியானோ இருந்தது. என் தந்தையார் ஏலத்தில் எடுத்த, சுவரோடு சாய்த்து வைக்கும் வகைப் பழைய பெட்டி அது. டர்பனின் கடற்காற்றில் கட்டைகள் ஊறிப்போய் அழுத்தினால் எழும்பாது என்பதற்காக அதன் அடிப்பலகைக்குள் ஒரு சிறு மின்விளக்கை இரவும் பகலும் எரியவிட்டிருப்பார். தந்திகளைத் தட்டும் சுத்தியல்களில் ஒட்டியிருக்கும் கம்பளத்தைப் பூச்சி அரிக்காதிருக்க என் பாட்டி அதற்குள் கற்பூர உருண்டைகளைப் போடுவார். நாங்கள் வாசித்த ஒவ்வொரு பாடத்திலும் கற்பூர வாசனை இருந்தது. 1964இல் எங்களை அங்கிருந்து அப்புறப்படுத்தி, இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றியபோது, புது வீட்டின் வாசலுக்குள் அந்தப் பெட்டி நுழையவில்லை. கதவைக் கழற்றிப் பார்த்தோம், அப்படியும் முடியவில்லை. தார்ப்பாயைப் போர்த்தி முற்றத்தில் வைத்தோம். ஒரு கோடை மழைக்காலம் முழுதும் அது அங்கேயே நின்றது. மழை விட்டபின் மூடியைத் திறந்த தந்தையார், சுத்தியல்களின் கம்பளம் ஊறிக் கழன்று விழுந்திருந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினார். நாட்டமில்லாத குடும்பம் அதுவா என்று தாங்களே சொல்ல வேண்டும்.

என் தந்தையார் நகரத்தின் ஒரு மண்டபத்தில் தரை மெழுகி நாற்காலி அடுக்கும் வேலை பார்த்தார். எனக்குப் பதினான்கு வயதில், அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு போன ஒரு மாலையில், பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒத்திகையைக் கேட்டேன். பேத்தோவனின் நான்காம் பியானோ கான்செர்ட்டோ அது; பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. வாத்தியக் குழு முழுதும் மௌனமாயிருக்க, பியானோ மட்டும் தனியாக, மிக மெல்லத் தொடங்கும். அந்தத் தொடக்கம் என் காதில் விழுந்த உடனேயே ஒருவர் வந்து கதவைச் சாத்திவிட்டார். பியானோ கேட்ட கேள்விக்கு வயலின்கள் என்ன விடை சொல்கின்றன என்பதை ஒன்பது ஆண்டுகள் கழித்து ஓர் இசைத்தட்டில்தான் தெரிந்துகொண்டேன். அந்த மண்டபத்தின் முன்வாசல் வழியாக நான் நுழைந்தபோது தந்தையார் உயிருடன் இல்லை.

கட்டுரையில் இன்னொரு குறையும் உண்டு. "போட்டியில் வென்றதும் உலகம் அவர் கைக்கு வந்தது" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். நம் வீணை வித்துவான் எந்த ஊருக்குப் போனாலும் தம் வீணையோடு போகிறார். பியானோ கலைஞர் ஒவ்வோர் ஊரிலும் முன்பின் பழகாத ஒரு கருவியோடு ஓரிரு மணி நேரத்தில் உறவாகிவிட வேண்டும். எந்தக் கட்டை கனம், எந்தக் கட்டை இளக்கம் என்பது விரலுக்குத் தெரிவதற்குள் அரங்கு நிறைந்துவிடும். டி க்ரூட் 1985இல் விமான விபத்தில் படுகாயமுற்று, உயிர் தப்பி, மறுபடியும் மேடை ஏறியவர். 1989இல் தம் 36ஆம் வயதில் காலமானார். அந்த மீட்சிக்குத் தங்கள் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லையே.

இது எனக்குப் புதிய வருத்தமும் அல்ல. நாற்பத்தோர் ஆண்டுகளாக இங்கே பியானோ கற்பிக்கிறேன். பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்குத் தாங்கள் முழுப் பக்கம் ஒதுக்குவது எனக்குப் பெருமகிழ்ச்சியே. என் பேத்தியின் படமும் அதில் வந்திருக்கிறது. ஆனால் யூனிசா எனப்படும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் இசைத் தேர்வில் எட்டாம் நிலை தேறிய என் மாணவியைப் பற்றி நான் நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதியதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கட்டுரைக்குப் பியானோ என்று போட்ட படம் மின்சாரக் கீபோர்டின் படம். அதையும் சுட்டிக்காட்டி எழுதினேன்.

அருள்கூர்ந்து அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இவ்வாண்டு தேர்வு எழுதித் தேறிய என் மாணவர்கள் ஏழு பேரின் பெயர்களையும் அவரவர் நிலையையும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்துள்ளேன். படம் வேண்டாம், ஏழு வரி இடம் போதும். பெயர்களைத் தமிழில் அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எழுத்துப் பிழையின்றி அச்சிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
பியானோ ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்