65 முதல் 80 வரை பக்கங்கள் வேண்டும்: ஒரு காமிக்ஸ் சந்தாதாரரின் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஜனவரி ஸ்பெஷலில் காணாமல் போன பக்கங்கள், வராத இதழ்கள், உங்கள் ஊழியர் பேசிய பேச்சு

ஐயா, வணக்கம்.

சந்தா எண், ஆர்டர் எண், புகார் எண் எதையும் நான் இங்கே எழுதவில்லை. போனில் ஆளுக்கு ஒரு தடவை அதை ஒப்பித்து அலுத்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் என் செல் நம்பரைத் தட்டினால் எல்லாம் வந்து நிற்கும். ஜனவரி ஸ்பெஷல் என்ற காமிக்ஸ் புத்தகம் எது, உங்கள் கதைகளை அலசி மாதாமாதம் வரும் விமர்சன மலர் எது, முன்பணம் கட்டி இதழ்களை வீட்டுக்கே வரவழைக்கும் கோல்டு சந்தாவில் என்னென்ன உண்டு என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் அச்சடித்து நீங்கள் விற்பது, நான் விளக்க வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் ஜனவரி ஸ்பெஷலில் 64ஆம் பக்கத்துக்கு அப்புறம் 65 இல்லை. திரும்பவும் 49 வருகிறது. 49லிருந்து 64 வரை இரண்டு தடவை, அது முடிந்ததும் நேராக 81. நடுவில் 16 பக்கம் காணோம். இரண்டு ஐரோப்பிய ஆல்பங்களை, அதாவது படக்கதைப் புத்தகங்களை, சேர்த்து ஒரே புத்தகமாகப் போட்டிருக்கிறீர்கள், அதனால் இரண்டாம் பாகம் 49இல்தான் தொடங்குகிறது. ஆக, என் புத்தகத்தில் இரண்டாம் பாகம் இரண்டு தடவை ஆரம்பித்து, நடுவே இல்லாமல் முடிகிறது. 64இன் கடைசிக் கட்டத்தில் இன்ஸ்பெக்டர் மாடிப்படி ஏறி வந்து கதவை ஒரு விரற்கடை திறக்கிறார். இடுக்கில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே யார் என்று பக்கத்தைப் புரட்டினால், மனுஷன் பழையபடி ரயிலிலிருந்து இறங்கி மழையில் குடையை விரித்துக்கொண்டிருக்கிறார்.

நான் மண்ணடியில் ஒரு பைண்டிங் பட்டறையில் பல வருஷம் இருந்தவன். என்ன நடந்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரே தாளை மடித்து வரும் 16 பக்கம் ஒரு பாரம். அடுக்குகிறவர் நாலாவது பாரத்தை இரண்டு தடவை எடுத்து, ஐந்தாவதை விட்டுவிட்டார். இது யாருக்கும் நடக்கும், அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. தைப்பதற்கு முன்னால் பாரங்களின் முதுகில் படி இறங்குவது போல் வரும் கறுப்புக் கோட்டை ஒரு பார்வை பார்த்திருந்தால், ஒரு படி தப்பியிருப்பது தெரிந்து அங்கேயே பிடித்திருக்கலாம். சரி, விட்டுவிட்டீர்கள். நல்ல பிரதி ஒன்றை அனுப்பியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதற்கு உங்கள் ஆட்கள் செய்தது என்ன? முதலில் பேசிய பெண், "இல்லாத பக்கங்களை போட்டோ எடுத்து அனுப்புங்க சார்" என்றார். இல்லாததை எப்படியம்மா போட்டோ எடுப்பது என்று கேட்டேன். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாக லைனில் காக்க வைத்தார், பாட்டு ஓடியது, கட் ஆனது. 64ஐயும் அடுத்து வரும் 49ஐயும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினேன். பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால்தான் மாற்றித் தருவோம் என்று பதில். பார்சல் பிரிக்கும்போது 96 பக்கத்தையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வீடியோ எடுக்கிற வாடிக்கையாளர் உங்களுக்கு யாராவது இருந்தால் எனக்கும் காட்டுங்கள். அன்று சாயந்திரமே ஒரு குறுஞ்செய்தி: "உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார்?"

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்த இன்னொரு ஆள் பேசியதை விட முடியாது.

டிசம்பர் இதழ் வராதபோது நடந்தது அது. வீட்டில் நான் இருக்கிறேன், என் அம்மா வாசலிலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார், என் செல்லுக்கு "கதவு பூட்டியிருந்தது, டெலிவரி முடியவில்லை" என்று செய்தி வருகிறது. உடனே கூப்பிட்டேன். எடுத்தவர் பெயர் சொல்லவில்லை. குரல் பதிவாகிறது என்று நீங்கள்தான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலேயே சொல்கிறீர்கள், எடுத்துக் கேட்டுப் பாருங்கள். அவர் சொன்னது இது: "தண்டையார்பேட்டையா சார்? அந்தப் பக்கம் வர பசங்க பயப்படுறாங்க. தி.நகர், அடையார் மாதிரி நல்ல ஏரியால சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா அந்த அட்ரஸ் குடுங்களேன்."

நல்ல ஏரியா என்றால் என்ன தம்பி என்று கேட்டேன். சிரித்தார். "கோச்சுக்காதீங்க சார், சினிமாலதான் பார்க்குறோமே" என்றார். அப்புறம், "பொம்மை புக்குதானே சார், பொறுமையா வரும்" என்று ஒரு ஆறுதல் வேறு.

மேலாளர் ஐயா, தென்னிந்தியாவின் முதல் ரயிலே 1856இல் எங்கள் பக்கத்து ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. 2021லிருந்து எங்கள் ஏரியா வழியாக விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓடுகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு பிரியாணி கொண்டுவருகிற பையன்கள் எங்கள் சந்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்கள். உங்கள் ஒரு கிலோ பார்சல் மட்டும் பயப்படுகிறதாம். வட சென்னைக்கு டெலிவரி கிடையாது என்று சந்தாப் படிவத்தில் போட்டுவிடுங்கள். பணம் வாங்கும்போது பின்கோடு 600081 என்று தெரிந்துதானே வாங்கினீர்கள்? ஆன்லைனில் பணம் கட்ட இந்த ஏரியா நல்ல ஏரியாதான் போலிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், புத்தகம் வராத இதே முகவரிக்கு உங்கள் விமர்சன மலர் மட்டும் மாதம் தவறாமல் வந்துவிடுகிறது. எட்டுப் பக்கம், சாதாரணத் தபால், நனையாமல் கசங்காமல் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்கு எந்தப் பயமும் இல்லை. அந்த மலரில் டிசம்பர் இதழின் முடிவை, அதாவது பணத்தைப் பதுக்கியது யார் என்பதை, இரண்டாவது பத்தியிலேயே போட்டு உடைத்துவிட்டார் உங்கள் விமர்சகர். ஜனவரி ஸ்பெஷலுக்கும் அதே கூத்துதான். "கதவுக்குப் பின்னால் காத்திருப்பவர் தன் சொந்த அண்ணன் என்று இன்ஸ்பெக்டர் அறியும் அந்த எட்டுப் பக்கங்கள் இந்த ஆண்டின் உச்சம்" என்று எழுதியிருக்கிறார். என்னிடம் இல்லாதது அந்த எட்டுப் பக்கம்தான் ஐயா! பார்க்க முடியாத பக்கங்களுக்கு எனக்கு விமர்சனம் அனுப்பி வைத்திருக்கிறீர்கள். விமர்சனம் எழுதுவது தப்பில்லை, நன்றாகவே எழுதுகிறார். ஓவியத்தில் இரவுக் காட்சிகளின் நீலத்தைப் பற்றிச் சொன்னது சரி. பேச்சு பலூனில் எழுத்து பொடியாக இருக்கிறது என்று அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன், நாற்பது தாண்டியவர்களுக்கும் கண் இருக்கிறது. ஆனால் புத்தகம் கைக்கு வருவதற்கு முன்னால் கொலைகாரனைச் சொல்லிவிடுகிற விமர்சனத்தை எந்த ரசிகன் மன்னிப்பான்?

இந்த நேரத்தில் நந்தனம் புத்தகக் காட்சியில் உங்கள் ஸ்டாலில் அதே ஜனவரி ஸ்பெஷலை 10 சதவீதத் தள்ளுபடியில் அடுக்கி வைத்திருந்தீர்கள். முன்பணம் கட்டியவன் வீட்டில் காத்திருக்கிறான், வழியில் போகிறவர் குறைந்த விலைக்கு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். எங்கள் ஞாயிற்றுக்கிழமை காமிக்ஸ் செட்டில் பாதிப் பேர் அங்கேயே வாங்கிவிட்டார்கள். சந்தா கட்டுங்கடா, முதலில் நம் கைக்குத்தான் வரும் என்று அவர்களிடம் ஊதியவன் நான். இப்போது டீக்கடையில் என்னைப் பார்த்தாலே "அண்ணே, 65 வந்துச்சா?" என்கிறார்கள். எனக்கு ஏற்பட்ட மானநஷ்டத்துக்கு மட்டுமே ஐம்பதாயிரம் கேட்கலாம்.

அம்பத்தூர் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. போனில் தீரவில்லை என்றதும், புத்தகத்தை நேரில் அம்பத்தூர் குடோனுக்கு எடுத்து வந்தால் கையோடு மாற்றித் தருவோம் என்று உங்கள் ஆள்தான் சொன்னார். அரை நாள் லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி, அப்புறம் பாடி வரைக்கும் நகர்ந்து நகர்ந்து போய், உச்சி வெயிலில் உங்கள் குடோன் வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து டேக் மாட்டிய ஒரு தம்பி வந்து, கஸ்டமர் நேரில் வரக்கூடாது என்று ரூல் இருக்கிறது, ரிட்டர்ன் கூரியரில்தான் வாங்குவோம் என்றார். கூரியர்காரர்தான் எங்கள் ஏரியாவுக்கு வருவதில்லையே என்றேன். "அது வேற டிபார்ட்மென்ட் சார்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். உங்கள் செக்யூரிட்டி, வயசான மனிதர், நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். புத்தகத்தை வாங்கிப் புரட்டி, "ஆமா சார், 64க்கு அப்புறம் மறுபடி 49 வருது" என்றார். உங்கள் நிறுவனத்தில் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நான் வந்து பேசியதற்காக அவரை ஏதாவது சொல்லிவிடாதீர்கள்.

கோல்டு சந்தாவில் மாதம் ஒரு அமெரிக்க காமிக்ஸ் இதழ் உண்டு. நான் தேர்ந்தெடுத்தது பேட்மேன், சூப்பர்மேன் போடுகிற டி.சி. நிறுவனத்தின் வெளியீடு. மூன்று மாத இதழ்கள் பாக்கி. கேட்டதற்கு, டைமண்ட் என்ற விநியோக நிறுவனம் திவாலானதால் தாமதம் என்று மெயில் அனுப்பினீர்கள். டைமண்ட் 2025 ஜனவரியில் திவால் மனு போட்டது உண்மை. ஆனால் டி.சி. 2020லேயே டைமண்டை விட்டு விலகிவிட்டது. அடுத்த வருஷம் இன்னொரு பெரிய காமிக்ஸ் கம்பெனியான மார்வெலும் விநியோகத்துக்குப் பென்குயின் ராண்டம் ஹவுஸ் பக்கம் போய்விட்டது. இல்லாத கடைக்குப் பூட்டுப் போட்டதாகக் கணக்குச் சொன்னால் எப்படி? இந்த விவரத்தை எனக்குச் சொன்னதே உங்கள் விமர்சன மலரின் கடைசிப் பக்கம்தான். மெயில் எழுதுகிறவர் உங்கள் பத்திரிகையை ஒரு தடவை படிக்கலாம். 3.99 டாலர் அட்டையில் போட்ட இதழுக்கு நான் கட்டியிருக்கும் தொகையைப் பற்றி இப்போது பேச வேண்டாம், கோபம் வரும்.

நான் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்த வீட்டுப் பிள்ளை. 1972இல் வந்த முதல் இதழை என் பெரியப்பா பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். ராணி காமிக்ஸ் மாதம் இரண்டு தடவை டி.எச். ரோடு பேப்பர் கடையில் கிளிப் மாட்டித் தொங்கும். காசைக் கொடுத்தால் புத்தகம், அவ்வளவுதான். ஆப் கிடையாது, ட்ராக்கிங் கிடையாது, ஸ்டார் கிடையாது. கடைசிப் பக்கம் கிழிந்திருந்தால் கடைக்காரரே வேறு எடுத்துக் கொடுப்பார். என் அக்கா பையனுக்கு இந்தச் சந்தா மூலமாகத்தான் தமிழ் படிக்கிற பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தேன். இந்த ஜனவரிக்கு அப்புறம் அவன் மறுபடியும் போனுக்குள் போய்விட்டான். ஒரு பையனின் தமிழ் போச்சு என்றால் அதற்கு எத்தனை ஸ்டார் கொடுப்பது?

நீங்கள் நல்ல புத்தகம் போடுகிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், இல்லையென்றால் பணம் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் எனக்கு வழி தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறைதீர் அலுவலரின் பெயரை உங்கள் இணையதளத்தில் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன் போட எனக்குக் காசு செலவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அம்பத்தூருக்கு வர வேண்டியதில்லை. இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 64ஐயும் 49ஐயும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டினால் போதும், அங்கே இருப்பவர்களுக்குப் படிக்கத் தெரியும்.

அந்த நிலைக்குப் போகாமல் இதை முடித்துவிடலாம். 65 முதல் 80 வரை உள்ள முழுமையான ஜனவரி ஸ்பெஷல் பிரதி ஒன்று, அதே கெட்டி அட்டையில், என் தண்டையார்பேட்டை முகவரிக்கு வர வேண்டும். பழைய பிரதியை வந்து எடுத்துக்கொண்டு போங்கள். டிசம்பர் இதழையும் அனுப்புங்கள், முடிவு தெரிந்த கதையானாலும் சந்தாவில் அது என்னுடையது. அமெரிக்க இதழ்கள் மூன்றையும் அனுப்ப முடியாது என்றால் அதற்கான பணத்தைத் திருப்பிப் போடுங்கள், கூப்பன் வேண்டாம். விமர்சன மலரைப் புத்தகத்தோடு சேர்த்து ஒரே உறையில் வையுங்கள். "நல்ல ஏரியா" என்று சொன்ன அந்தத் தம்பி எனக்குப் போன் செய்து பேச வேண்டும். அவர் வேலை போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பேச வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மாதக் கடைசிவரை பார்ப்பேன். அதற்கு மேல் தகவல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலிருந்து வரும்.

இப்படிக்கு,
கோல்டு சந்தாதாரர்,
தண்டையார்பேட்டை, சென்னை 600081.

இணைப்பு: 64, 49 பக்கங்களின் படம்; "கதவு பூட்டியிருந்தது" குறுஞ்செய்தியின் படம்; பணம் கட்டிய ரசீது.