யூலியாவின் தாத்தாவுக்கு

கோயம்புத்தூர்

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்புரை ஆபரேஷன் ஆகி, கொஞ்ச நாள் படிக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால்தான் பதில் தாமதம். இப்போது பார்வை தெளிவு. எதிர்ச்சுவர் போஸ்டரைக்கூட வாசலில் நின்றே படிக்கிறேன். படித்து என்ன பயன் என்பது வேறு விஷயம்.

தாத்தா ஆகிவிட்டாய், வாழ்த்துகள்! பேத்திக்கு வைத்த யூலியா என்ற பெயருக்கு என்ன அர்த்தம், ஜூலை மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா, சம்பந்தி வீட்டில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டுவிட்டாய், கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்று. ஜெர்மனியில் யூலியா என்று சொல்வதுதான் சரி. ரோமானியர்கள் வாயில் அது யூலியாதான், ஜூலியா அல்ல. மருமகளைத் திருத்தப் போகாதே.

அர்த்தத்தைப் பற்றி அறிஞர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. இளம் தாடி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், யூப்பிட்டர் கடவுளின் பெயரிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். இரண்டையும் நீ மறந்துவிடலாம். ரோமில் யாரும் அர்த்தம் பார்த்து மகளுக்கு அந்தப் பெயரை வைக்கவில்லை. யூலியஸ் குலத்தில் பெண் பிறந்தால் அவள் யூலியா. கொர்னேலியஸ் குலம் என்றால் கொர்னேலியா. அவ்வளவுதான். இரண்டு பெண்கள் பிறந்தால் இரண்டு பேரும் யூலியா, நம் வீடுகளில் பெரிய பாப்பா, சின்ன பாப்பா என்பதுபோல மூத்தவள், இளையவள் என்று பிரித்துச் சொல்வார்கள். யூலியஸ் சீசரின் அத்தை, இரண்டு சகோதரிகள், மகள் எல்லோருமே யூலியாக்கள். பரீட்சைத் தாளில் இவர்களைக் குழப்பாமல் எழுதிய பையனை நான் பார்த்ததில்லை!

அந்தக் குலத்துக்குப் பெருமை அதிகம். டிராய் நகரிலிருந்து தப்பி வந்த புராண வீரன் ஐனியாஸின் மகன் யூலஸ் எங்கள் மூதாதை, ஐனியாஸின் தாய் வீனஸ் தேவி, ஆகவே நாங்கள் தேவதை வம்சம் என்று சொல்லிக்கொண்டார்கள். கி.மு. 69-இல் அத்தை யூலியா இறந்தபோது சீசர் இதை இறுதிச்சடங்குப் பேச்சிலேயே சொன்னார். அரசியல்வாதிக்குச் சாவு வீடும் மேடைதான். ஜூலை மாதமும் அவர் பெயர்தான். குவின்டிலிஸ் என்று இருந்த மாதத்தை கி.மு. 44-இல் மாற்றினார்கள். ஆக, உன் பேத்தியும் அந்த மாதமும் ஒரே குலப்பெயர்க்காரர்கள்.

எனக்குப் பிடித்த யூலியா, சீசர் தத்தெடுத்த, பின்னால் ரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸின் ஒரே மகள். கி.மு. 39-இல் பிறந்தாள். பிறந்த அன்றே அப்பா அம்மாவை விவாகரத்து செய்துவிட்டார். பிறகு அரசியல் கணக்குப்படி மூன்று கல்யாணம். மூன்றாவது கணவன், பின்னால் பேரரசனான திபேரியஸ். அவளுக்குச் சின்ன வயதிலேயே நரை வந்து, பணிப்பெண்கள் பிடுங்கிக்கொண்டிருந்தார்களாம். அப்பா பார்த்துவிட்டு, கொஞ்ச காலம் போனால் நீ நரைத்தவளாக இருக்க விரும்புவாயா, வழுக்கையாகவா என்றார். நரைத்தவளாக என்றாள். அப்படியானால் ஏன் இவர்கள் உன்னை இவ்வளவு சீக்கிரம் வழுக்கையாக்குகிறார்கள் என்று கேட்டாராம். இப்படி விளையாட்டாகப் பேசிய அதே அப்பாதான், கி.மு. 2-இல் ஒழுக்கம் தவறினாள் என்று மகளைப் பாண்டடேரியா என்ற குட்டித் தீவுக்கு நாடு கடத்தினார். மது கூடாது, அனுமதியில்லாமல் ஆண்கள் பார்க்கக் கூடாது. விவாகரத்தான அம்மா ஸ்க்ரிபோனியா தானாகவே கிளம்பி மகளுடன் போனாள். அந்த அம்மாவைப் பற்றி யாராவது நாடகம் எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் கொங்குப் பக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இங்கே புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் நிறைய, கேடயமும் ஈட்டியும் பிடித்து நிற்கும் இரண்டு பையன்கள் கொண்டவை. கையஸ், லூசியஸ். இந்த யூலியாவின் மகன்கள்தான், தாத்தா அகஸ்டஸ் தத்தெடுத்தவர்கள். மகளைத் தீவில் வைத்துவிட்டு, ஏறக்குறைய அதே காலத்தில் பேரன்களைக் காசில் போட்டிருக்கிறார். அந்தக் காசு மிளகுக்கும் மணிக்கற்களுக்கும் விலையாக இங்கு வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்த முறை நீ வந்தால் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறேன்.

சம்பந்தியிடம் இந்த நாடுகடத்தல் கதையைச் சொல்லித் தொலைக்காதே. வீனஸ் வம்சம் வரைக்கும் போதும்.

இங்கே தேங்காய் விலை நன்றாக இருக்கிறது, மரத்தில்தான் காய் இல்லை. தங்கச்சி மூட்டு வலிக்கு என்ன செய்கிறாள் என்று நீ எழுதவே இல்லை. அப்புறம், குழந்தையின் இரண்டாவது பெயராக உங்கள் அம்மா பெயரை வைக்கப் பேசிக்கொண்டிருந்தீர்களே, முடிவானதா? என் போனில் வீடியோ சரியாக வராது. ஞாயிற்றுக்கிழமை பேரன் வருவான், அன்று காலை பத்து மணிக்குமேல் கூப்பிடு, குழந்தையைக் காட்டலாம்.

அன்புடன்,
ராமலிங்கம்