தூண் ஏன் வளைந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்பிள்ளைகளும் செல்போனும் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது, இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் என் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் 16-ஐத் தாண்டியவர்கள். அவர்களுக்கு என்ன வழி?

நான் காரைக்குடியில் 22 வருடமாகப் பிளவுஸ் தைக்கிறேன். இடுப்பில் இன்ச் டேப்பைச் சுற்றினால் போதும், அந்தப் பெண்ணுக்குத் தன் உடம்பின் மேல் எவ்வளவு கோபம் என்று தெரிந்துவிடும். இப்போது வருகிற பிள்ளைகள் டேப் மேலே பட்டதுமே மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். "மூச்சை விடும்மா, விட்டால்தான் அளவு சரியாக வரும்" என்று ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது சொல்கிறேன்.

முன்பெல்லாம் சினிமா நடிகை படத்தைக் கொண்டுவந்து "இந்தக் கழுத்து மாதிரி வையுங்க அக்கா" என்பார்கள். கழுத்து மட்டும்தான் கேட்பார்கள், நடிகையின் உடம்பைக் கேட்க மாட்டார்கள், அது யாருக்கும் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். போன மாதம் பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளை காட்டியது அவளுடைய படத்தையே. ஏதோ ஆப்பில் போட்டு இடுப்பைக் குறைத்து, கையை ஒல்லியாக்கி, நிறத்தை ஏற்றி வைத்திருந்தாள். "ஆன்ட்டி, இந்த அளவுக்குத் தையுங்க." டேப்பில் 29 வந்தது, அவள் 26 எழுதச் சொன்னாள். அடுத்த வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்டுக்கொள்கிற காலம் போய், போனுக்குள் இருக்கும் தன்னோடே ஒப்பிட்டுத் தோற்றுப்போகிறாள் அந்தப் பிள்ளை. எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், தையல்காரர்களுக்குத்தான் இது புரியும். பிளவுஸ் தைக்கும்போது பக்கவாட்டில் உள்ளே துணி விட்டு இரண்டு மூன்று தையல் போடுவோம். உடம்பு கூடினால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். "கல்யாணமாகிப் பிள்ளை பெத்தாலும் போடணும், தாராளமா விட்டுத் தைங்க" என்று தாய்மார் கூடவே நின்று சொல்வார்கள். இப்போது "உள்ளே விடாதீங்க, தடிமனாத் தெரியுது, ரீல்ஸ்ல அசிங்கமா இருக்கு" என்கிறார்கள். உடம்பு மாறும் என்று ஒத்துக்கொள்ளவே யாருக்கும் மனசில்லை.

சரி, இதையெல்லாம் போன்தான் கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் அது பொய். பெண் பார்க்க வந்துவிட்டு, முகப்பைத் தாண்டுவதற்குள் "நிறம் கொஞ்சம் மட்டு" என்று பேசிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். என்னைப் பார்க்க வந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஃபேர் அண்ட் லவ்லி 1975-லேயே வந்துவிட்டது, பெயரில் இருந்த 'ஃபேர்' போவதற்கு 2020 வரை ஆனது. நாம் போட்டு வைத்திருந்த பாதையில்தான் போன் வந்து வண்டி ஓட்டுகிறது. ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இது தலையணைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கிடக்கிறது.

கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். டீன் ஏஜ் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு உடம்பைப் பற்றிய மனக்கஷ்டத்தை நாம் அதிகப்படுத்துகிறோம் என்று இன்ஸ்டாகிராமின் உள் அறிக்கையிலேயே இருந்தது 2021-ல் வெளியே வந்தது. இன்ஸ்டாகிராமை நடத்தும் ஃபேஸ்புக் கம்பெனியில் வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் என்ற பெண் காகிதங்களை எடுத்துவந்து அமெரிக்க செனட்டிலேயே சாட்சி சொன்னார். எங்களைத் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்றது கம்பெனி.

போனில் பார்த்து வாங்கும் கிரீம்களைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். கேரளாவில் மலப்புறம் பக்கம் சிவப்பழகு கிரீம் தேய்த்தவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை 2023-ல் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள், காரணம் கிரீமில் இருந்த பாதரசம். தயாரித்தவர் பெயரே இல்லாத டப்பாவை என் கடையிலேயே ஒரு பெண் பையிலிருந்து எடுத்துப் பூசினாள். என்னவென்று கேட்டால் "லைவ்ல வாங்கினேன்" என்கிறாள்.

இப்போது தூண் கதைக்கு வருகிறேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குத் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தேன். பேத்தியின் கல்யாண ஆல்பம் அன்றுதான் வந்திருந்தது. அந்த வீட்டுச் சுவரெல்லாம் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய பழைய பூச்சு, கை வைத்தால் வழுக்கும். படத்தில் பெண்ணின் கன்னமும் அதே மாதிரிதான் இருந்தது, உதட்டோரம் இருக்கும் மச்சத்தைக்கூடக் காணோம். ஆச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். அப்புறம் கேட்டார்கள்: "ஏத்தா, இந்தத் தூண் ஏன் வளைஞ்சிருக்கு? கரையான் ஏதும் பிடிச்சிருச்சா?"

பர்மா தேக்கை எந்தக் கரையான் அரிக்கும்? போட்டோகிராபர் பெண்ணின் இடுப்பை உள்ளே தள்ளியிருக்கிறார், பக்கத்தில் இருந்த தூணும் கூடவே போய்விட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். புதுப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. "நான் கேட்கவே இல்லை, அவங்களாத்தான் பண்ணியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் உடம்பில் என்ன குறை என்று அவளைக் கேட்காமலே ஒருவர் முடிவு செய்திருக்கிறார், அதற்குக் காசும் வாங்கியிருக்கிறார்.

பிரான்சில் விளம்பரத்தில் மாடலின் உடம்பை மெலிதாக்கியோ பருமனாக்கியோ காட்டினால், இது திருத்திய படம் என்று போடவேண்டும், 2017-லிருந்து சட்டம். நார்வேயில் 2022-லிருந்து காசு வாங்கிக்கொண்டு இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறவர்களுக்கும் அதே மாதிரி விதி இருக்கிறது. இங்கே அரசாங்கம் எப்போது செய்யுமோ தெரியாது. நீங்கள் செய்யலாமே? அந்தக் கட்டுரைக்கு நீங்கள் போட்டிருந்த படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். போனைப் பார்த்துக் கவலைப்படும் அந்தப் பெண்ணின் கழுத்தில் ஒரு மடிப்பு இல்லை, முகத்தில் ஒரு பரு இல்லை. அடுத்த இதழிலிருந்து, திருத்திய படமென்றால் கீழே சின்ன எழுத்தில் 'திருத்திய படம்' என்று போடுங்கள், அட்டைப்படத்துக்கும் சேர்த்து. எங்கள் ஊர்க் கல்யாண போட்டோகிராபர்களும் ஆல்பத்தில் கைவைக்கும் முன் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

அந்த பிளஸ் டூ பிள்ளைக்கு 29-க்குத்தான் வெட்டினேன், அவளிடம் சொல்லாமல் உள்ளே ஒன்றரை இன்ச் துணியும் விட்டிருக்கிறேன். வியாழக்கிழமை வாங்க வருகிறாள். சண்டை போடத்தான் போகிறாள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
காரைக்குடி