'மெனோ'வைப் படிக்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பிளேட்டோவின் உரையாடல்களில் எதை முதலில் எடுப்பது என்று கேட்டிருந்தாய். 'மெனோ'வை எடு, அம்மா. நற்பண்பைக் கற்பிக்க முடியுமா என்று கிரேக்கத்தின் தெசலிப் பகுதியிலிருந்து வந்த இளைஞன் மெனோ எடுத்த எடுப்பிலேயே கேட்க, நற்பண்பு இன்னதென்றே தமக்குத் தெரியாதே என்று சாக்ரடீஸ் தொடங்குகிறார்.

நீ நிதானமாகப் படிக்க வேண்டியது அடிமைச் சிறுவன் வரும் பகுதி. பக்கம் 2 அடியாக, பரப்பு 4 சதுர அடியாக உள்ள சதுரத்தைக் காட்டி, இதைப்போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்கிறார் சாக்ரடீஸ். 4 அடி என்கிறான் பையன். பரப்பு 16 ஆகிவிடுகிறது. 3 அடி என்கிறான், 9 வருகிறது. தெரியவில்லை என்று அவன் கைவிரித்ததும் சாக்ரடீஸ் மெனோவின் பக்கம் திரும்பி, தெரியாததைத் தெரியும் என்று நினைத்திருந்தவனுக்கு இப்போது தன் அறியாமையாவது தெரிந்திருக்கிறதே, இதில் அவனுக்கு நட்டம் உண்டா என்று கேட்கிறார். உங்களோடு பேசினால் மின்திருக்கை மீன் தீண்டியதுபோல் மனமும் வாயும் மரத்துப்போகின்றன என்று சற்று முன்புதான் அலுத்துக்கொண்டவன் மெனோ. அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கேள்வி. பிறகு, மூலைவிட்டத்தின்மேல் எழும் சதுரமே 8 சதுர அடி என்று பையன் கண்டுகொள்கிறான். ஆன்மா முன்பே அறிந்ததை நினைவுகூர்கிறது என்று இதிலிருந்து சாக்ரடீஸ் கொள்ளும் முடிவை நான் ஏற்கவில்லை. மூலைவிட்டத்தைக் காட்டியவரே அவர்தானே. ஆனாலும் அந்த இரண்டு தவறுகளும் பையனுடையவை, அவை தவறென்று ஒப்புக்கொண்டவனும் அவனே என்பதை மறுப்பதற்கில்லை.

பெற்றவனான என்னைத் தைத்தது வேறோர் இடம். ஏதென்ஸின் பெருந்தலைவர் தெமிஸ்டாக்ளீஸ் தம் மகனுக்குக் குதிரைமேல் நின்றபடியே ஈட்டி எறியக் கற்பித்தார், நற்பண்பை மட்டும் தர முடியவில்லை, இன்னொரு தலைவர் பெரிக்ளீஸின் பிள்ளைகள் கதையும் அதுவே என்று சாக்ரடீஸ் சொல்ல, பெரியவர்களை இழித்துப் பேசாமல் எச்சரிக்கையாக இரு என்று அனிடஸ் சினந்து சொல்கிறார். கி.மு. 399இல் சாக்ரடீஸ்மீது வழக்குத் தொடுத்த மூவரில் அவரும் ஒருவர்.

உரையாடலின் கடைசிப் பகுதியில் சாக்ரடீஸ் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறார்: லாரிசா என்ற ஊருக்கு வழி அறிந்தவனும், போகாமலே சரியாக ஊகித்தவனும் நம்மை அந்த ஊரில் கொண்டுசேர்ப்பார்கள். அப்படியானால் அறிவுக்கு என்ன கூடுதல் மதிப்பு? சரியான எண்ணம், கிரேக்கக் கதைகளில் வரும் சிற்பி டெடலஸின் நடமாடும் சிலைகளைப்போலக் கட்டிவைக்காவிட்டால் ஓடிவிடும், காரணம் அறிவதே அந்தக் கட்டு என்பது சாக்ரடீஸின் விடை. கடைக்காரர் கூடுதலாகக் கொடுத்த சில்லறையை வெயிலில் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்த உன் அப்பத்தாவிடம் ஏன் என்று கேட்டால், "அது நம்மளது இல்லையே" என்பதற்குமேல் சொல்லத் தெரியாது. அது காரணம் அறிந்த அறிவா, சரியான எண்ணம் மட்டுமா? படித்து முடித்ததும் உன் கருத்தை விரிவாக எழுது.

அன்புடன்,
அப்பா