பிரேக் பேட், டிஸ்க் வாங்குமுன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். “எந்தப் பேட் நல்லது?” என்று கேட்டு வருபவர்களிடம் நாங்கள் முதலில் விசாரிப்பது, வாகனம் எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதைத்தான். நுவரெலியாவிலிருந்து ரம்பொட வழியாகக் கம்பளைக்கு வந்து சேர்வதற்குள் 1300 மீற்றருக்கும் மேல் இறங்கிவிடுகிறோம். ஒரு தொன் எடையுள்ள காருக்கு அது சுமார் 35 லீற்றர் குளிர்நீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம். இரண்டாம் கியரில் வந்தால் அதில் நல்ல பங்கை எஞ்சின் தாங்கும். நியூட்ரலில் விட்டால் அந்தப் பங்கும் பிரேக்குக்குத்தான்.

ஆகவே பேட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். முதலாவது சாதாரண சூட்டில் உள்ள பிடிப்பு, இரண்டாவது கடும் சூட்டில் உள்ள பிடிப்பு. ‘ஈ’ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ 0.35 முதல் 0.45 வரை, ‘ஜீ’ அதற்கும் மேல். ‘எஃப் ஈ’ என்றிருந்தால் சூடேறச் சூடேறப் பிடிப்புக் குறையும். மலைப்பாதைக்குக் குறைந்தது ‘எஃப் எஃப்’ வேண்டும். எழுத்தே இல்லாத பேட்டை, பெட்டி அழகாக இருக்கிறதென்று வாங்கவேண்டாம். டவுனுக்குள் ஓடும் காருக்குச் செராமிக் போதும்: சத்தமும் தூசியும் குறைவு. தினமும் ஹயர் ஓடும் வேனுக்குச் செமி மெட்டாலிக்தான் எங்கள் தெரிவு. டிஸ்க் கொஞ்சம் சீக்கிரம் தேயும், பரவாயில்லை.

டிஸ்க்கை அளக்காமல் மாற்றவும் வேண்டாம், லேத்தில் கடையவும் வேண்டாம். குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் புதிய தடிப்பைவிட 2 மில்லிமீற்றர் குறைவு. வேர்னியரை விளிம்பில் வைத்தால் தேயாத வரம்பைப் பிடித்து அதிகமாகக் காட்டும். மைக்ரோமீற்றரால் சற்று உள்ளே, பல இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். கடைந்தபின் அந்த எல்லையை ஒட்டி நிற்குமானால் புதிதே வாங்குங்கள். மெல்லிய டிஸ்க் வேகமாகச் சூடேறும். விளிம்பு வரை வெடிப்பு ஓடியிருந்தால் பேச்சே இல்லை, மாற்றவேண்டும். துளையிட்ட டிஸ்க் பார்க்க அழகுதான், ஆனால் வெடிப்பு துளையிலிருந்துதான் தொடங்கும். பேட்டோ டிஸ்க்கோ, இடம் வலம் இரு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

புது டிஸ்க் போட்டும் பெடல் அதிர்ந்தால் பெரும்பாலும் டிஸ்க் அமரும் ஹப்பில் உள்ள துருதான் காரணம். கம்பித்தூரிகையால் தேய்த்துவிட்டுப் பூட்டினால் டிஸ்க்கின் ஆட்டம் 0.05 மில்லிமீற்றருக்குள் நிற்கும்.

உள்பேட் தேய்ந்து வெளிபேட் அப்படியே இருக்கிறதா? பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பரின் பின் (அது நழுவும் கம்பி) அல்லது பிஸ்டன் இறுகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதுப்பேட் போடுவது வீண்செலவு. கலிப்பர் பின்னுக்குப் பிரேக் கிறீஸ் மட்டுமே. சாதாரண கிறீஸ் இறப்பரை ஊதவைக்கும். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேட் நெடுநாள் வரும், அதனால் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை; மழையிலும் பனியிலும் கலிப்பர் பின் துருப்பிடித்துவிடும். நீண்ட இறக்கத்தில் பற்றறி நிரம்பினால் மோட்டாரின் உதவியும் குறையும், கியரை ‘B’யில் (எஞ்சின் பிரேக் நிலை; பார்க்கிங் ‘P’ அல்ல) போட்டு இறங்குங்கள்.

பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றுங்கள். புதிய டொட் 4 ரக ஒயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை. ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். கொதித்தால் பெடல் தரைவரை போகும்.

பூட்டியதும் வண்டியை நகர்த்துமுன் பெடல் இறுகும்வரை மிதியுங்கள். பிறகு மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 10க்கு, நிதானமாகப் பத்துமுறை குறையுங்கள், இடையிடையே ஆறவிட்டு. எங்கள் பக்கம் சமதரைக்கு எங்கே போவது என்பீர்கள். லேசான ஏற்றம் போதும், இறக்கம் கூடாது.

வாங்க வரும்போது செஸி இலக்கத்தையும் பழைய பேட்டையும் கொண்டுவாருங்கள். ஒரே மொடலிலும் கிரேடுக்குக் கிரேட் கலிப்பர் மாறும்.

இப்படிக்கு,
உதிரிப்பாகக் கடையினர், ஹட்டன்