எங்கள் பிள்ளைகளை ஓட விடுங்கள்: முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதன்மைக் கல்வி அலுவலர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம்.

குடியரசு நாளன்று எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நடந்தது உங்கள் பார்வைக்கு வந்திருக்கும். தலைமையாசிரியரிடம் விளக்கம் எழுதி வாங்கினார்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஓட்டப் பந்தயத்தில் விழுந்து கை முறிந்த நான்காம் வகுப்பு மாணவியின் அம்மா நான்தான். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் உறுப்பினராக இருக்கிறேன். கை முறிந்ததற்காக யார் மீதும் நடவடிக்கை கேட்டு இதை எழுதவில்லை. அதைச் சாக்காக வைத்து எங்கள் பள்ளியில் விளையாட்டையே நிறுத்திவிட்டார்களே, அதற்காக எழுதுகிறேன்.

மறுவாரமே மேலிருந்து வாய்மொழி உத்தரவு வந்ததாம். பிள்ளைகளை வெளியே விட வேண்டாம், ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று. எழுத்தில் ஒரு வரி கிடையாது. ஆனால் அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளை எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. வாரம் முழுக்க அவர்கள் காத்திருந்த அந்த நாற்பது நிமிடத்தில் இப்போது வாய்ப்பாடு எழுதுகிறார்கள்.

நான் கேட்பது இதுதான் ஐயா. அந்த உத்தரவை விலக்குங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு உடற்கல்வி ஆசிரியரை எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள். மைதானத்தை மேடாக்கித் தாருங்கள்.

மைதானத்தின் கதை உங்களுக்குத் தெரியாததில்லை. வெண்ணாற்றுப் பாசனத்தில் பல ஊர்ப் பள்ளிகளுக்கு இதே கதைதான். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய சாலை மேலேயே ஜல்லியைக் கொட்டி உயர்த்திக்கொண்டே போனார்கள். பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்று சாலைக்கு ஒன்றரை அடி கீழே கிடக்கிறது மைதானம். ஐப்பசியில் மழை பிடித்தால் கார்த்திகை முடியும்வரை கணுக்கால் தண்ணீர். அது வடிந்து, சேறு இறுகி, பிள்ளைகள் கால் வைக்கலாம் என்னும்போது சம்பா அறுவடை வந்துவிடும். தையும் மாசியும் மைதானம் முழுக்க நெல்.

நெல்லைக் கொட்டுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை, நாங்கள்தான். என் வீட்டுக்காரரும் நான்கு வருடமாக அங்கேதான் காயப்போடுகிறார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பனி கொட்டுகிற மாதத்தில், மிஷின் அறுத்துத் தள்ளிய ஈர நெல்லை எங்கே கொண்டுபோய் உலர்த்துவது? ஊருக்கு இருப்பது ஒரே ஒரு களம். அதுவும் சிமெண்ட் பெயர்ந்து, வெடிப்பில் புல் முளைத்துக் கிடக்கிறது. அதனால் சுற்றுச்சுவர் இருக்கும் பள்ளி மைதானத்தைப் பிடித்துக்கொண்டோம். பிள்ளைகளின் இடத்தைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டது தவறு. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடிந்ததும் விளையாட்டுப் போட்டி. மைதானத்தில் நெல் குவிந்து கிடந்ததால் சாலையில் ஓட வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் நின்று சிவப்புத் துண்டைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார்கள். செருப்பில்லாத கால்கள். டிராக்டரிலிருந்து வழிநெடுகச் சிந்திய நெல் தார்மேல் கிடந்தது. அதன் மேல் கால் வைத்தால் உருட்டிவிடும் என்று ஏழு ஊர்க் களத்திலும் வேலை செய்த எங்களுக்கே அன்று தோன்றவில்லை. என் மகள் முதலாவதாக வந்து, கோட்டைத் தாண்டிய அடுத்த எட்டில் வழுக்கி இடது கையை ஊன்றி விழுந்தாள். முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. தலைமையாசிரியராக இருக்கும் டீச்சர் தன் முந்தானையால் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டு, பைக்கில் அவளை மடியில் வைத்தபடி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு. பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் கிண்ணத்தைக் கட்டுப் போடும்போதுகூட வலது கையிலிருந்து விடவில்லை அவள்.

அந்த டீச்சரிடம்தான் விளக்கம் கேட்டார்கள்.

அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை இந்த மடலில் எழுத்தாகவே பதிகிறேன். இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள், 47 பிள்ளைகள். எண்ணும் எழுத்தும் திட்டப் பாடம் நடத்த வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் மதிப்பீட்டைச் செல்போனில் ஏற்ற வேண்டும், ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகளை ஓட வைத்துப் பார்க்க ஆசைப்பட்டார். முறையாக ஓடக் கற்றுக்கொடுக்க அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

தொடக்கப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே கிடையாது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை எங்கள் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தபோது படிக்கச் சொன்னார்கள். படித்தேன். உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்று அதன் அட்டவணையில் இருப்பது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். 2012இல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோதும் அவர்கள் ஆறாம் வகுப்புக்கு மேல்தான். முதலமைச்சர் கோப்பையிலும் பள்ளிப் பிரிவு 12 வயதில்தான் தொடங்குகிறது. அப்படியானால் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை பிள்ளைக்கு உடம்பு இல்லையா ஐயா?

அதே அட்டவணை எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது, ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருட்கள் கொடுக்க வேண்டும் என்கிறது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் இடத்தையும் பந்தையும் மட்டும் வைத்து என்ன செய்வது?

ஓடுவது, தாவுவது, எறிவது, பறந்து வருவதைப் பிடிப்பது, ஒற்றைக் காலில் நிலையாக நிற்பது எல்லாம் உடம்பில் படிகிற வயது இந்த ஐந்திலிருந்து பத்துதான். என் மூத்த மகன் இதே பள்ளியில் படித்துவிட்டுப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனவன். வரப்பில் ஓடிப் பழகியவன், வேகத்துக்குக் குறைச்சல் இல்லை. குறுவட்டப் போட்டியில் தொடர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தார்கள். தன் கோட்டை விட்டு அடுத்த பையனின் கோட்டில் ஓடிவிட்டான், நான்கு பேரையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டார்கள். கோட்டுக்குள் ஓட வேண்டும் என்று அவனுக்கு அதுவரை யாருமே சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் பேர் கொடுக்கவில்லை.

விளையாட்டுப் பொருளுக்குப் பணம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய். எங்கள் பள்ளிக் கணக்கில் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 106 ரூபாய். அதில் வாங்கிய ஸ்கிப்பிங் கயிறு, வளையப் பந்து, ரப்பர் பந்து எல்லாம் பீரோவில் இருக்கின்றன. ஒரு பந்து முள்ளில் குத்திக் கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் என்ன எழுதுவது, தணிக்கைக்கு வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம். போன வருடம் பதிவேட்டைப் பார்த்தேன். வாங்கியது எல்லாம் அப்படியே புதிதாக இருக்கிறது. பிள்ளைகள் கை பட்டுத் தேய்ந்த பந்துக்குக் கணக்கு கேட்கக் கூடாது என்று நீங்கள் ஒரு சுற்றறிக்கை விட்டாலே பாதிப் பூட்டு திறந்துவிடும். 2024இல் ஊராட்சிகளுக்கெல்லாம் 33 வகை விளையாட்டுப் பொருட்கள் கொண்ட தொகுப்பு கொடுத்தார்கள். அதுவும் பெரிய பையன்களுக்கானது என்று பள்ளிப் பிள்ளைகள் கண்ணில் படவில்லை.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் வடுவூர் அபினேஷ் இந்தியக் கபடி அணியில் ஆடித் தங்கத்தோடு வந்தபோது இந்தப் பக்கம் ஊர் ஊராக பிளக்ஸ் வைத்தோம். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற பேருந்தில் ஏறினால் வழியில் இருக்கிறது வடுவூர். அந்த ஊரில் சின்னப் பிள்ளைகள் பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்தே கபடி பழகுகிறார்கள். எங்கள் ஊரில் பார்த்துப் பழக என்ன இருக்கிறது? அந்தக் காலத்தில் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் பிள்ளைகள் தானாக நீச்சல் பழகுவார்கள். இப்போது மணல் எடுத்த குழி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் யார் இறக்கிவிடுவார்கள்? கோயில் திடலில் கிளித்தட்டு ஆடிய இடத்தில் கார் நிற்கிறது. பள்ளி மைதானத்தில் ராத்திரி குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போகிறார்கள். திங்கட்கிழமை காலையில் பிரார்த்தனைக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் செய்கிற முதல் வேலை கண்ணாடிச் சில்லு பொறுக்குவது. எட்டு வயதுப் பிள்ளை செய்கிற வேலையா இது? ஆற்றையும் திடலையும் மைதானத்தையும் பிடுங்கிக்கொண்ட பெரியவர்கள்தான், இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனே கதியாகக் கிடக்கிறார்கள் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம்.

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மணலும் மதுவும் உங்கள் துறை இல்லை என்று எனக்குத் தெரியும். நன்றி மறந்தவளும் இல்லை. 2023இல் திருக்குவளையில் தொடங்கி வைத்த காலை உணவு விரிவாக்கத்துக்குப் பிறகு எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையும் வெறும் வயிற்றோடு உட்காருவதில்லை. ஒரு அரசு நினைத்தால் முடியும் என்று அதைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடல் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களுக்கு வாரத்துக்கே 40 நிமிடம்தான் இருந்தது. அதையும் எடுத்துவிட்டீர்கள்.

புதுப் பணியிடம் போட நிதித்துறை ஒப்புதல் வேண்டும், வருடங்கள் ஆகும் என்பீர்கள். அதுவரை ஒரு வழி இருக்கிறது. எங்களுக்கு மூன்று கிலோமீட்டரில் உயர்நிலைப் பள்ளி, அங்கே உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார். அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் காலை நேரம் எங்கள் பள்ளிக்கு மாற்றுப்பணி போட முடியும். உயர்நிலைப் பள்ளியும் தொடக்கப் பள்ளியும் இரண்டுமே உங்கள் கட்டுப்பாட்டில்தான் வருகின்றன. அவருடைய பெட்ரோல் செலவை ஊர் சார்பில் ஏற்றுக்கொள்கிறோம் என்று மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு வைத்திருக்கிறோம். எங்கள் டீச்சர்கள் இரண்டு பேருக்கும் அவரே அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தால் மற்ற நாட்களிலும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மைதானத்துக்கும் பெரிய செலவில்லை. மேட்டூர் அணை திறப்பதற்கு முன்னால் சித்திரை, வைகாசியில் வாய்க்கால் தூர்வாருவார்கள். எடுக்கிற மண்ணைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போகிறார்கள், அடுத்த மழைக்கு அது மறுபடியும் வாய்க்காலுக்கே போகிறது. அந்த மண்ணை எங்கள் மைதானத்தில் கொட்டச் சொல்லி நீர்வளத் துறைக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் போதும். வெறும் வண்டல் மழைக்கு வழுக்கும், மேலே ஒரு அடி கிராவல் போட வேண்டும். அந்தக் கிராவலுக்கு நாங்களே பணம் திரட்டிக்கொள்கிறோம். மைதானம் தயாரானால் அதில் இனி ஒரு மணி நெல் கொட்டுவதில்லை என்று ஊர்க் கூட்டத்தில் பேசி முடித்திருக்கிறோம். முதலில் ஒத்துக்கொண்டது என் வீட்டுக்காரர். உடைந்த களத்தைச் சரிசெய்து தரச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்குத் தனியாக மனு கொடுத்திருக்கிறோம். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வாய்மொழியாகப் போட்ட தடையை எழுத்து மூலமாக விலக்குங்கள். உடற்கல்வி ஆசிரியரை வாரத்தில் இரண்டு நாள் அனுப்புங்கள். தூர்வாரும் பருவம் முடிவதற்குள் மைதானத்துக்கு மண் கிடைக்க வழி செய்யுங்கள்.

மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, பாரம் மட்டும் தூக்க வேண்டாம், ஓடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையை வைத்ததும் என்னிடம் வந்து, "இன்னைக்கும் வெளியே விடலம்மா" என்கிறாள். தன்னால்தான் எல்லாருக்கும் விளையாட்டு போய்விட்டது என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் சொல்கிறார்களாம். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவியின் தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்